விட்டுட்டுப் போறேன்

உதடு மூடியிருக்கிறது, மேலுதட்டின் ஓரத்தில் மாவு ஒட்டியிருக்கிறது, பச்சரிசி மாவு, இதோ திறக்கப் போகிறது, ஏதோ சொல்லப் போகிறாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அந்த நேரம் பார்த்து மோட்டார் பெல்ட் சட்டுச்சட்டென்று அடிக்கிறது, திரும்பிவிடுகிறேன், பாழாய்ப்போன பெல்ட், கழன்று விழுந்தால் விழட்டும் என்று கிடந்திருக்கலாம், குடியா முழுகிப் போயிருக்கும், ஒரு கண்ணிமைப்புதான், திரும்பி அவளைப் பார்க்கும்போது உதடு திறந்து முதல் சொல் போய்விட்டது, மிச்சம்தான் எனக்குக் கிடைத்தது, விட்டுட்டுப் போறேன், அவ்வளவுதான், எதை விட்டுவிட்டு என்பது தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை, ஒரு நாளைக்கு நூறு பேர் என்னிடம் சொல்கிற பேச்சு, நான் தலையாட்டினேன்.

செந்தட்டிப்பேரியில் மாவு மில் என்றால் என் மில் ஒன்றுதான், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ரேஷன் கடைக்கும் பீடிக் கடைக்கும் நடுவில், ஊர் என்று பார்த்தால் அந்தக் கடைத்தெருவும் அதன் பின்னால் ஐந்து தெருக்களும்தான், பஸ் உள்ளே வந்து திரும்பி வெளியே போவதற்குள் ஒரு டீயைக் குடித்து முடிக்க முடியாது, ஆனால் காலை ஒன்பது மணிக்கு மோட்டாரைப் போட்டேன் என்றால் ஊரின் பாதிப் பெண்கள் என் முன்னால்தான் நிற்பார்கள், டின்னும் தூக்குவாளியும் போணியுமாக, புட்டுக்கு, இடியாப்பத்துக்கு, கேப்பை, உளுந்து, பிள்ளைக்குக் கஞ்சிமாவு, மோட்டார் ஓடும்போது பேச்சு காதில் விழாது, தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது, அதனால் இங்கே வாயும் கையும்தான் பாஷை, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் உரசிக் காட்டினால் நைசாக, ஐந்து விரலையும் குவித்து உதறினால் ரவைப் பதம், உள்ளங்கையை இரண்டு தரம் கவிழ்த்தால் ரெட்டை ஓட்டு, இரண்டு தரம் திரிக்க வேண்டும், பதிலுக்கு நான் ஒரு தரம் தலையாட்டினால் போதும், ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம், அதற்குப் பிறகு அந்த டின்னுக்கு நான் பொறுப்பு, மழை வந்தாலும் எலி வந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும், முப்பது வருஷத்தில் ஒருத்தி மாவு இன்னொருத்தி வீட்டுக்குப் போனது கிடையாது, அந்தக் கர்வம் எனக்கு உண்டு, ஏன் இருக்கக் கூடாது, வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவேன், எதிர்த்த டீக்கடையில் என்னைப் பற்றிப் புறணி பேசுகிறவன்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவான், அவ்வளவு பயம்.

இந்த ஊரில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட மாட்டார்கள், வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும், பத்தடி தள்ளியிருக்கிற வீட்டுக்குப் போனாலும் வாரேன்தான், சின்னப் பிள்ளை தெரியாமல் போறேன் என்று சொல்லிவிட்டால் பெற்றவள் வாயிலேயே ஒன்று வைப்பாள், என்னட்டி சொல்லுத, ஒழுங்கா வாரேன்னு சொல்லு, சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து வருவார்கள், மற்றபடி இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரும் எங்கேயும் போனதே இல்லை, எல்லாரும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், என் மில்லில் மட்டும்தான் அந்தச் சொல்லுக்குக் குற்றம் கிடையாது, கூட்டமாக இருக்கும், நிற்க நேரம் இருக்காது, டின்ன விட்டுட்டுப் போறேன்க்கா, வாளிய விட்டுட்டுப் போறேன் மதினி, யாருக்கும் உறுத்தாது, சாமான் இங்கே இருக்கிறதே, வந்துதானே ஆக வேண்டும்.

உலகம்மாளும் அப்படி எத்தனையோ தரம் விட்டுவிட்டுப் போய் வந்தவள்தான், தெற்குத் தெரு, பீடி சுற்றுகிறவள், புருஷன் லோடு ஆட்டோவோடு மலையடி வளைவில் கவிழ்ந்து செத்துப்போன பிறகு கொழுந்தன் வீட்டின் பின்னால் ஓர் அறையில் மகளோடு இருந்தாள், மகளுக்கு ஏழு வயது, ஆவுடைச்செல்வி, ஆவுடை என்று கூப்பிடுவோம், எண்ணெய் வழிய இரட்டைச் சடை, மில்லுக்கு வந்தால் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கிற சாக்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள், என்னைப் போலவே பார்க்கக் கற்றுக்கொண்டாள், அவ அம்மை பேச மாட்டாள், பேசினாலும் அளந்துதான், கரண்ட் போகிற நேரத்தில் மில் திடீரென்று வாயை மூடிக்கொள்ளும், நாங்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்த குரலிலேயே இன்னொரு சொல் கத்திவிட்டு வெட்கப்பட்டுச் சிரிப்போம், அப்படி ஒரு கரண்ட் இல்லாத மத்தியானம், கடையில் நாங்கள் மூன்று பேர்தான், உலகம்மாள் கேட்கிறாள், யக்கா, ஒங்களுக்குப் பிள்ள இருந்தா எப்படி வளப்பிய, எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா, ஒம் மகள எனக்குத் தந்துரு, வளத்துக் காட்டுதேன், அஞ்சு வருஷத்துல இந்த மில்லயே ஓட்டுவா பாரு என்றேன், அவள் சிரித்தாள், பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், ஏட்டி ஆவுடை, பெரிம்மாகிட்ட இருந்துக்கிடுதியா என்று மகளைக் கேட்டாள், அது உடனே தலையாட்டிற்று, விளையாட்டுத்தானே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு எல்லாரும் பேசுகிற பேச்சுத்தானே, கரண்ட் வந்துவிட்டது, நான் எழுந்து மோட்டாரைப் போட்டேன்.

பிறகு அந்த நாள், தீபாவளிக்கு முந்தின வாரம், அதிரசத்துக்கு ஈர அரிசி, முறுக்குக்கு, முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு என்று மில் வாசலில் கால் வைக்க இடம் இல்லை, மாவு மூக்குக்குள் நெஞ்சுக்குள் எல்லாம் புகுந்து இருமுகிறேன், கல் சூடேறி வாடை அடிக்கிறது, பெல்ட் வேறு இரண்டு நாளாகச் சண்டித்தனம், உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறாள், தகர டின்னைத் தராசுப் பக்கம் வைக்கிறாள், ஆவுடை சாக்கின் மேல் ஏறி உட்காருகிறது, அடுத்தவள் டின்னிலிருந்து பறந்த மாவு உலகம்மாள் முகத்தில் படிகிறது, துடைத்துக்கொள்ளவில்லை, என்னையே பார்க்கிறாள், உதடு மூடியிருக்கிறது, பெல்ட் அடிக்கிறது, நான் திரும்புகிறேன், விட்டுட்டுப் போறேன், தலையாட்டுகிறேன், தலையாட்டிய பிறகும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நின்றாள், என்ன மசமசன்னு நிக்கா, போய் வேலையப் பாக்க வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

மத்தியானம் ஆயிற்று, மாவு திரித்து மூடி வைத்தாயிற்று, அவள் வரவில்லை, ஆவுடை சாக்கிலிருந்து இறங்கவில்லை, ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன், தின்றது, அழவில்லை, எங்கட்டி உங்கம்ம என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்ததே தவிர வாயைத் திறக்கவில்லை, பொழுது சாய்ந்து மோட்டாரை நிறுத்தும்போதும் அங்கேயே இருந்தது, தாம்புக் கயிறு போல இறுக்கிக்கொண்டு டின்னைப் பிடித்தபடி, அப்போதுதான் அதன் சித்தப்பன் தேடிக்கொண்டு வந்தான், மதினியக் காணும், ஊருக்கு வெளிய நின்னு நாலு மணி வண்டியில ஏறுனதப் பாத்தவுக இருக்காவ, உங்ககிட்ட ஏதும் சொன்னாவளா. அந்த இடத்தில்தான் என் புத்தி கெட்டது, எனக்குள் யாரோ மடமடவென்று கணக்குப் போடுகிறார்கள், பிள்ளை இல்லாதவள், பிள்ளைக்கு ஆசைப்பட்டு ஆத்தாளை வண்டி ஏற்றிவிட்டாள் என்று ஊர் சொல்லும், தந்துரு என்று நான் கேட்டது இந்தப் பிள்ளைக்கே தெரியும், நாளைக்கு எவளாவது கேட்டால் சொல்லாதா, எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே என்றேன், தலையை வேறு ஆட்டினேன், இல்லை என்று, சித்தப்பன் ஆவுடையின் கையைப் பிடித்தான், அது என்னைப் பார்த்தது, நான் டின்னை எடுத்து அவன் கையில் கொடுத்தேன், கூட்டிட்டுப் போப்பா, கடையப் பூட்டணும் என்றேன்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்து கேட்டார், அவரிடமும் அதையேதான் சொன்னேன், ஒருமுறை சொன்ன பொய்யை மாற்றினால் முதலில் சொன்னவளும் பொய்க்காரி, இரண்டாவது சொன்னவளும் பொய்க்காரி, ஊர் உலகம்மாளை ஏலத்தோட்டக் கங்காணி ஒருத்தனோடு சேர்த்துப் பேசிற்று, பிறகு கிணற்றில் பார்த்தார்கள், குளத்தில் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை, நாலைந்து நாள் கழித்து ஆவுடை தனியாக வந்தது, பள்ளிக்கூடப் பையோடு, மில்லில் யாரும் இல்லை, மோட்டார் ஓடவில்லை, பெரிம்மா, அம்மா அன்னைக்கி ஒங்ககிட்ட என்ன சொன்னா என்று கேட்டது, ஏழு வயதுப் பிள்ளை நிமிர்ந்து நின்று கேட்கிறது, அதன் தலையைத் தடவினேன், வாரேன்னுதாம்மா சொன்னா, வந்துருவா என்றேன், அது கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தது, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அதிலிருந்து பன்னிரண்டு வருஷம், நான் அந்த முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன், வெட்கக்கேடு, ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக்கொண்டு பார்க்கிறேன், டின்ன விட்டுட்டுப் போறேன், இதற்கு உதடு மூட வேண்டாம், மாவ விட்டுட்டுப் போறேன், மூட வேண்டும், பிள்ளய விட்டுட்டுப் போறேன், இதற்கும் மூட வேண்டும், நான் திரும்புவதற்கு முன்னால் அவள் உதடு மூடித்தான் இருந்தது, ஆனால் பேசத் தொடங்குவதற்கு முன்னால் யாருக்குத்தான் உதடு மூடியிருக்காது, அடி கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொள்வேன், கனவில் பெல்ட் அடிப்பதில்லை, நான் திரும்புவதில்லை, அவள் உதடு திறக்கிறது, உள்ளேயிருந்து மாவு கொட்டுகிறது, நான் டின்னை நீட்டிப் பிடிக்கிறேன், நிறைகிறது, நிறைந்து வழிகிறது, சொல் வரவில்லை, செவ்வாய்க்கிழமைச் சந்தையில் அவள் முதுகைப் பார்க்கிறேன், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பார்க்கிறேன், பஸ்ஸின் கடைசி சன்னலில் பார்க்கிறேன், திரும்பினால் வேறு யாரோ, எல்லாருக்கும் மேலுதட்டில் கொஞ்சம் மாவு இருப்பதுபோலத் தோன்றுகிறது, அதைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருத்தியிடம் சொல்லியேவிட்டேன், இவளுக்குப் புத்தி பேதலிச்சிட்டு என்று போனாள்.

ஆவுடை வாராவாரம் வரும், சித்தி கொடுத்தனுப்பிய டின்னோடு, அதே சாக்கில் உட்காரும், சாக்கு மாறிவிட்டது, இடம் அதேதான், வளர்ந்தாள், இரட்டைச் சடை ஒற்றைச் சடையாயிற்று, விரல் நுனியெல்லாம் பீடித் தூள் கறை, பள்ளிக்கூடத்துக்கும் போய், சித்தி பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பீடியும் சுற்றினாள், சித்தி கெட்டவள் இல்லை, அவள் வயிற்றுப்பாடு அவளுக்கு, ஆனாலும் ஒரு நாள் ஆவுடை முழங்கையில் சூட்டுக் காயம் இருந்தது, என்னம்மா இது என்றேன், கொள்ளிக்கட்டை பட்டுட்டு என்றாள், தானாகப் பட்டதா என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன யோக்கியதை, நைசா, ரவையா என்று கையால் கேட்டேன், விரலை உரசிக் காட்டினாள், தலையாட்டினேன், இப்படியே பன்னிரண்டு வருஷம், நானும் அவளும் பேசியதையெல்லாம் கூட்டினால் ஒரு காகிதம் நிறையாது.

போன சனிக்கிழமை சித்தி வந்தாள், டின் இல்லாமல் வந்தாள், முகம் கடுகடுவென்று இருந்தது, மோட்டாரை நிறுத்தச் சொன்னாள், யக்கா, நீங்கதான் வந்து அவளுக்கு ஒரு வார்த்த சொல்லணும், ரத்தம் பரிசோதிக்கிற படிப்ப ரெண்டு வருஷம் படிச்சா, கோயம்புத்தூருல ஒரு ஆஸ்பத்திரியில வேல கிடைச்சிருக்கு, செவ்வாய்க்கெழம சேரணும், திங்கக்கெழம காலையில வண்டி ஏறுனாத்தான் ஆகும், கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கா, போவ மாட்டேங்கா. ஏன் என்றேன். ஏனா, வரவேண்டியவுக வந்து கூப்பிடாம இந்த ஊர விட்டு நகர மாட்டேங்கா, பன்னெண்டு வருஷம் வராத ஆத்தா இனியா வருவா, நீங்கதானே அன்னைக்கு வாரேன்னு சொன்னான்னு பிள்ள மனசுல வெதச்சிய, நீங்களே வந்து புடுங்குங்க, இந்த வேலையும் போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு அவர் அக்கா மகனுக்குப் பேசி முடிச்சிருவாரு, அவன் குடிகாரன், நான் சொல்லி யாரு கேக்கா. சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள், சித்திக்கும் அழுகை வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், அனுப்பிவை என்றேன், நாளைக்கு மத்தியானம் மில்லுக்கு அனுப்பிவை.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு, மாவு வாடையோடு நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை, ஆவுடை வந்தாள், கையில் ஒன்றும் இல்லை, தராசுப் பக்கம் போய் உட்கார்ந்தாள், என்னைப் பார்த்தாள், நான் எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன், சத்தியமாக ஏன் போட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது, திரிக்க ஒரு மணி அரிசி இல்லை, வெறுங்கல் கறகறவென்று அலறுகிறது, அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு வாயைத் திறந்தேன், உங்கம்ம வாரேன்னு சொல்லல, அவ்வளவுதான் சொல்லியிருப்பேன், ஆவுடை எழுந்தாள், என்னைத் தாண்டிப் போய் சுவிட்சைக் கீழே தட்டினாள், கல் சுற்றிச் சுற்றி நின்றது, எங்கேயோ ஒரு காக்கா கத்துவது கேட்டது. சத்தத்துல வச்சிச் சொல்லாதிய பெரிம்மா, எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னா, நீங்களாவது கேக்கும்படியாச் சொல்லுங்க என்றாள்.

சொன்னேன், எல்லாவற்றையும், பெல்ட்டைச் சொன்னேன், முதல் சொல் தெரியாததைச் சொன்னேன், விட்டுட்டுப் போறேன் என்றதைச் சொன்னேன், நான் தலையாட்டியது, அவள் நின்றது, எனக்கு எரிச்சல் வந்தது, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து ஒன்றும் சொல்லவில்லை என்று சாதித்தது, வாரேன் என்று உன்னை ஏய்த்தது, ஏட்டையாவிடம் சொன்னது, கடைசியில், உங்கம்ம வர மாட்டா தாயி, அவள எதிர்பார்த்து உக்காந்திராத, வேலைக்குப் போ, என்னைக் காறித் துப்பிட்டுப் போ என்றேன், ஆவுடை அழவில்லை, அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தாள், எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும் பெரிம்மா, நான் இங்கனதானே இருந்தேன் என்றாள், இத விட்டுட்டுப் போறேன்னு சொன்னா, இதன்னுதான் சொன்னா. எதை என்று கேட்டேன், கேட்டேனா, வாயை மட்டும் அசைத்தேனா தெரியவில்லை. அம்மா கை என் தலமேல இருந்துச்சு, டின்னு இந்தா இங்க இருந்துச்சு, கை என் தலமேல இருந்துச்சு. நான் அந்த இடத்தைப் பார்த்தேன், தராசு, சாக்கு, வெறும் தரை, பன்னிரண்டு வருஷமாக உதட்டை, உதட்டை மட்டும் தேடியிருக்கிறேன், கையைத் தேடவே இல்லை, கை எங்கே இருந்தது என்று ஒரு நாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, இத என்ற சொல்லுக்கு உதடு என்ன செய்யும், ஒன்றும் செய்யாது, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, கையைத்தான் பார்த்திருக்க வேண்டும், இந்த மில்லில் வாயும் கையும்தான் பாஷை என்று பீற்றிக்கொள்கிற நான்.

வரும்போதே அம்மா வழியில சொல்லிட்டா என்றாள் ஆவுடை, நான் பெரிம்மாகிட்டக் கேப்பேன், அவுக தலையாட்டுனா நீ அழாம இருந்துக்கிடணும், ஆட்டலன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவோம்னா, நீங்க ஆட்டுனிய, நான் பாத்தேன், அதான் அழல, சாயங்காலம் சித்தப்பா வந்து கையப் புடிச்சப்பவும் நீங்க விட மாட்டியன்னு நெனச்சேன், டின்னத் தூக்கிக் குடுத்திய. அப்புறமும் வந்து கேட்டேன்லா, அம்மா என்ன சொன்னான்னு, எனக்குத் தெரியாமலா கேட்டேன், நீங்க இப்பவாது சொல்லுவிய, ஆமா எங்கிட்டத்தான் விட்டுட்டுப் போனா, வா உள்ளன்னு சொல்லுவியன்னுதான் கேட்டேன். வாராவாரம் இங்கன வந்து உக்காந்தேன் பெரிம்மா, நைசா ரவையான்னு கேட்டிய. அம்மா வருவான்னு நான் இந்த ஊருல இருக்கல, அவ வர மாட்டா, அது எனக்கு ஏழு வயசுலயே தெரியும், ஏத்துக்கிட்டவுக எப்பம் வந்து கூப்பிடுவாவன்னுதான் இருந்தேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன், ஆட்டலன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவோம், அந்த ஒரு தலையாட்டல் இல்லாமல் இருந்திருந்தால் உலகம்மாள் இந்த ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள், அதற்காகத்தான் நின்றிருக்கிறாள், நான் தெரிந்துதான் ஆட்டினேனா, வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ, மோட்டார் ஓடாத நேரத்தில் இதைக் கேட்க எந்தத் தாய்க்கு வாய் வரும், அதனால் சத்தத்துக்குள் வந்து கேட்டாள், நான் எரிச்சலாகப் பார்த்தேன், போய்விட்டாள், அய்யோ, எந்தச் சாமியிடம் போய் இதைச் சொல்லுவேன், ஏங்கி ஏங்கி அழுதேன், ஆவுடை எழுந்து வந்து தேற்றவில்லை, என் பக்கத்தில் வரவும் இல்லை, அழுது முடிக்கிற வரைக்கும் அந்தச் சாக்கிலேயே இருந்தாள், அதுதான் நியாயம், பிறகு நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், இப்பக் கூப்பிட்டா வருவியா. இப்பம் என்னத்துக்கு பெரிம்மா, பத்தொன்பது வயசாச்சு, இனி யாரு என்ன வளக்கணும் என்றாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கூப்பிட்டாச்சுல்லா, இனி நான் கெளம்பலாம் என்றாள், வாசல் வரைக்கும் போனவள் நின்று, ஏத்திவிட ஆளில்ல, சித்திக்குப் பீடிக் கடைக்குப் போகணும், நீங்க வாங்க என்றாள்.

திங்கட்கிழமை, மில்லைத் திறக்கவில்லை, ஒன்பது மணிக்கு வரப்போகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏசட்டும், ஆறரை வண்டிக்கு ஐந்தே முக்காலுக்கெல்லாம் போய் நிற்கிறேன், பனி விழுகிறது, ஆவுடை ஒரு பையும் ஒரு கட்டப்பையுமாக வருகிறாள், சித்தப்பன் வரவில்லை, கட்டப்பையை நான் வாங்கிக்கொள்கிறேன், கனமே இல்லை, ஒரு பிள்ளையின் பன்னிரண்டு வருஷம் இவ்வளவு லேசாக இருக்கக் கூடாது, மாவு கொஞ்சம் திரித்து வைத்திருக்கிறேன், புட்டு மாவு, ரெட்டை ஓட்டு, உள்ளே வைக்கிறேன், அவள் பார்க்கிறாள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பஸ் வருகிறது, திரும்புகிறது, கூட்டம் இல்லை, சன்னலோரம் உட்காருகிறாள், நான் கீழே நிற்கிறேன், டிரைவர் இன்னும் இஞ்சினைப் போடவில்லை, டீக் குடிக்கப் போயிருக்கிறார், ஊரே சத்தமில்லாமல் கிடக்கிறது, அவள் உதடு மூடியிருக்கிறது, திறக்கிறது, நான் எங்கேயும் திரும்பவில்லை, ரூமு எப்படி இருக்குன்னு போய்ப் பாத்துட்டு போன் பண்ணுதேன், லீவுக்கு வந்தா எங்கன வரட்டும், சித்தி வீட்டுக்கா ஒங்க வீட்டுக்கா என்று கேட்டாள், என் கழுத்து பழக்கத்தில் ஆடப் பார்த்தது, அதை நிறுத்திக்கொண்டேன், டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்து, நம்ம வீட்டுக்கு வா என்று சொன்னேன்.